தீரு: வலை உலர்த்தும் பாறை

2024 அக்டோபர் 23 அன்று தென் லெபனானின் பழம்பெரும் துறைமுக நகரம் ஒன்றின் மையப்பகுதியில் இஸ்ரேலிய விமானங்கள் குண்டு வீசின. நம் நாளிதழ்கள் அந்நகரை 'டயர்' என்று எழுதின. அங்கு வாழ்பவர்கள் அதை 'சூர்' என்கிறார்கள். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு அது 'தீரு'. மூன்றும் ஒரே ஊர்தான் என்பது செய்தியைப் படித்த பலருக்குத் தெரிந்திராது. தெரிந்த ஒருவர் மறுநாளே என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நகரத்தின் மேல் எழும் கரும்புகை. அதன் கீழே எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலிலிருந்து ஓர் அதிகார எண். சொன்னது நிறைவேறிவிட்டது என்பது அதன் பொருள்.

மேற்காசியாவில் போர் மூளும்போதெல்லாம் இத்தகைய செய்திகள் தமிழிலும் பரவுகின்றன. தமஸ்குவுக்கு ஏசாயாவிலிருந்து ஒரு வசனம், ஈராக்குக்குப் பாபிலோனைப் பற்றிய ஒரு வசனம், லெபனானுக்குத் தீருவைப் பற்றிய ஒரு வசனம். அனுப்புகிறவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். வேதத்தின் மேல் வைத்த பற்றினால் அனுப்புகிறார்கள். ஆனால், அந்தப் பற்று அவர்களை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். எரிகிற வீட்டின் முன்னால் நின்று, எரியும் என்று முன்பே எழுதியிருந்தது எனத் தலையசைக்கும் இடத்தில் அது நிறுத்துகிறது. அந்த நகரத்தைப் பற்றி எபிரேய வேதம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஒரு முறையாவது முழுமையாகப் பார்ப்பது நல்லது. நான் இறையியல் கற்றவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். தீருவைப் பற்றிய பகுதிகளில் பொருளாதாரம் கற்பித்தவனுக்கும் படிக்க நிறைய இருக்கிறது.

பாறையும் வலையும்

எசேக்கியேல் 26-ஆம் அதிகாரத்தில் தீருவின் முடிவு ஓர் உருவகத்தால் சொல்லப்படுகிறது. மதில்கள் இடியும், மண்ணும் சுரண்டப்பட்டு நகரம் வெறும் பாறையாகும், கடல் நடுவே வலை விரித்து உலர்த்தும் இடமாகும் என்பது அதன் சாரம். எபிரேய மொழியில் அந்நகரின் பெயர் 'த்சோர்'. அதற்குப் பாறை என்பதே பொருள். கரையை விட்டு விலகியிருந்த பாறைத் தீவின் மேல் எழுந்த நகரம் அது. மாளிகைகளும் பண்டகசாலைகளும் போனபின் பெயரும் பொருளும் ஒன்றாகிவிடும் என்று தீர்க்கதரிசி சொல்லில் விளையாடுகிறார்.

இந்த உருவகத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குள் ஒரு நெருடல் எழுந்தது. அதற்குக் காரணம் நான் வாழும் ஊர். காரைக்காலுக்கு வடக்கே, கடலோரம் உள்ள திருவேட்டக்குடியில் வலை விரித்திருப்பதைப் பார்த்து யாரும் அழிவு என்று நினைக்க மாட்டார்கள். கரையில் வலை கிடந்தால் ஊர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். அர்ச்சுனனுக்காக இறைவன் வேடனாக வந்தான் என்பது ஒரு தலக்கதை. மீனவர் குடியில் வளர்ந்த அம்பிகையை மணக்க மீனவனாகவே வந்தான் என்பது மற்றொரு கதை. மாசி மகத்தன்று சுவாமி கடற்கரைக்கு எழுந்தருளும்போது மீனவ மக்கள் உறவினரை வரவேற்பதுபோல் வரவேற்கிறார்கள். காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் அதே விழாவில் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாளுக்கு மாப்பிள்ளை முறை. தெய்வத்தையே உறவு சொல்லி அழைக்கும் கரை இது. இங்கே உள்ளவன் ஒருவனுக்கு, வலை விரிக்கும் இடமாகப் போவது எப்படிச் சாபமாகும் என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அந்நூலின் 26 முதல் 29 வரையிலான அதிகாரங்களையும், தீருவைப் பற்றி மற்ற நூல்களில் வரும் பகுதிகளையும் சேர்த்துப் படித்தேன். அவற்றைத் தமிழில் படிக்க முடிவதற்கும் இந்தக் கரைக்கும் தொடர்பு உண்டு. எங்களுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை வந்து 1719-ல் காலமானார். எசேக்கியேல் உள்ளிட்ட எஞ்சிய நூல்கள் பெஞ்சமின் ஷூல்ட்சேயின் உழைப்பால் 1720-களில் தமிழுக்கு வந்தன.

நட்பு நாட்டின் கணக்கு

எபிரேய வேதத்தில் தீரு முதலில் பகை நகரமாக வரவில்லை. நட்பு நகரமாகத்தான் வருகிறது. தீருவின் அரசன் ஈராம் தாவீதின் நண்பன். சாலொமோன் எருசலேமில் ஆலயம் கட்டியபோது லெபனானின் கேதுரு மரங்களைக் கடல் வழியே மிதக்கவிட்டு அனுப்பியவன் அவன். கைதேர்ந்த கம்மியரையும் அவன் நாடுதான் தந்தது. எருசலேமின் ஆலயத்தில் தீருவின் மரமும் தீருவின் கைத்திறனும் இருந்தன என்பதை, இன்று அந்நகரத்தின் அழிவைப் புனிதமாக்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நட்புக்கும் விலை இருந்தது. இராஜாக்களின் முதலாம் புத்தகம் 5-ஆம் அதிகாரத்தில் அந்த விலை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. சாலொமோன் ஆண்டுதோறும் ஈராமின் அரண்மனைக்கு 20,000 மரக்கால் கோதுமையும், இடித்துப் பிழிந்த எண்ணெயும் அனுப்பினான். மரம் வெட்ட 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதம் பத்தாயிரம் பேராக லெபனானுக்கு முறைவைத்து அனுப்பினான். பாறையின் மேல் இருந்த தீருவுக்கு விளைநிலம் குறைவு. உள்நாட்டு உழவரின் தானியம் அதற்கு வேண்டும். மலைநாட்டு அரசனுக்கோ மாளிகை கட்டும் ஆசை. இடையில் சுமந்தவர்கள் உழவரும் கூலிகளும். 9-ஆம் அதிகாரத்தில் இந்தக் கணக்கு மேலும் இறுகுகிறது. கலிலேயாவில் 20 ஊர்களைச் சாலொமோன் ஈராமுக்குக் கொடுக்கிறான். ஈராம் சென்று பார்த்துவிட்டு, ஊர்கள் பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கிறான். ஊர்களில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்டதாக அந்நூலில் இல்லை.

காரைக்காலில் வாழும் ஒருவனுக்கு இது தொலைதூரத்துக் கதை அல்ல. தஞ்சை மராட்டிய அரியணையை இழந்த சாகுஜி, அதை மீட்கப் பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடி, 1738-ல் 50,000 சக்கரத்துக்குக் காரைக்காலையும் சுற்றியிருந்த சில கிராமங்களையும் தர ஒப்புக்கொண்டார். 1739 பிப்ரவரியில் காரைக்கால் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு வந்தது. புதுச்சேரிக்கு அரிசி வேண்டும். டெல்டாவில் அரிசி இருந்தது. அரசனுக்குப் பணம் வேண்டும். கம்பெனியிடம் பணம் இருந்தது. ஊர்கள் கைமாறின. இங்கும் ஊராரை யாரும் கேட்கவில்லை. ஈராமும் சாலொமோனும் வேறு பெயர்களில் இந்தக் கரைக்கும் வந்துபோயிருக்கிறார்கள்.

இரண்டு சரக்குப் பட்டியல்கள்

எசேக்கியேல் 27-ஆம் அதிகாரம் தீருவை ஓர் அழகிய கப்பலாகப் பாடுகிறது. லெபனானின் கேதுருவில் பாய்மரம், பாசானின் கர்வாலி மரத்தில் துடுப்பு, எகிப்தின் சித்திரத் தையல் துணியில் பாய். பிறகு அந்தக் கப்பலில் ஏறும் சரக்குகளின் நீண்ட பட்டியல் தொடங்குகிறது. தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், தொகர்மாவிலிருந்து குதிரை, சேபாவிலிருந்து நறுமணப் பொருளும் பொன்னும், தமஸ்குவிலிருந்து திராட்சரசமும் வெள்ளைக் கம்பளியும், யூதாவிலிருந்து கோதுமை, தேன், எண்ணெய். ஒரு புலம்பல் பாடலின் நடுவே ஒரு சுங்கச்சாவடிக் கணக்கு. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஒரு குரு, தொலைவிலிருந்த ஒரு துறைமுகத்தின் வணிகத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தது வியப்புக்குரியது.

தமிழ் படித்தவர்களுக்கு உடனே பட்டினப்பாலை நினைவுக்கு வரும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் வீதிகளில் கண்ட சரக்குகளும் இவ்வாறே வரிசையாக நிற்கின்றன. கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, வடமலையின் மணியும் பொன்னும், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, குணகடல் பவளம், கங்கையின் வளம், காவிரியின் விளைச்சல், ஈழத்து உணவு. புலி முத்திரை இட்டுச் சுங்கம் கொண்ட அதிகாரிகளையும் புலவர் காட்டுகிறார். இரண்டு நூல்களும் துறைமுகத்தின் கணக்கேட்டைத் திறந்து வைக்கின்றன. ஆனால், ஒன்று புகழ்கிறது, மற்றொன்று அழுகிறது.

ஏன் இந்த வேறுபாடு? பட்டினப்பாலை தன் வணிகரைப் புகழ்வதற்குச் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. வாங்கும்போது கூடுதலாகக் கொள்வதில்லை, விற்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை, தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகவே எண்ணினார்கள் என்பதே அந்தப் புகழ். செல்வத்தின் அளவு அங்கே அளவுகோல் ஆகவில்லை. எசேக்கியேல் 28-ஆம் அதிகாரத்தில் தீருவின் மேல் வைக்கும் குற்றச்சாட்டும் இதே அளவுகோலின் மறுபக்கம்தான். வணிகம் பெருகப் பெருக நகருக்குள் கொடுமை நிறைந்தது, வணிகத்தின் நேர்மையின்மை அதன் தூய இடங்களையே தீட்டுப்படுத்தியது என்கிறார். புலவரும் தீர்க்கதரிசியும் துறைமுகத்தை அளக்க ஒரே கோலைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

தீருவின் சரக்குப் பட்டியலில் ஓர் இடத்தில் யாரும் நின்று படிக்க வேண்டும். யாவான், தூபால், மேசேக்கு ஆகிய நாட்டு வணிகர் கொண்டுவந்த சரக்கு மனிதர்களும் வெண்கலப் பாத்திரங்களும். ஒரே வரி. தகரத்துக்கும் குதிரைக்கும் இடையில், தனி அழுத்தம் ஏதுமின்றி, மனிதர்கள் வந்துபோகிறார்கள். கணக்கேட்டின் கொடுமை அதன் நிதானத்தில் இருக்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி இதைப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துக் குற்றமாக வைக்கிறார். சகோதர உடன்படிக்கையை மறந்து, சிறைப்பட்ட மக்களை முழுக்கூட்டமாக ஏதோமுக்கு ஒப்படைத்தது தீரு என்கிறார். யூதாவின் மக்களைக் கிரேக்கருக்கு விற்றதாக யோவேல் சொல்கிறார்.

இங்கும் நம் கரையைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் படையெடுப்பும் பஞ்சமும் வாட்டியபோது, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை டச்சுக்காரர் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றனர். அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தபின், 19-ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் ரீயூனியனுக்கும், கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். கப்பல் கணக்கில் அவர்களும் எண்ணிக்கையே. எசேக்கியேலின் பட்டியலில் அந்த ஒரு வரி எந்தக் கரையில் வாழ்பவனுக்கும் அந்நியமானதல்ல.

அடுத்தவன் அழிவில் இலாபம்

தீருவுக்கு எதிரான தீர்ப்பு எதில் தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எருசலேம் வீழ்ந்தபோது தீரு மகிழ்ந்தது என்று 26-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. மக்கள் கூட்டம் நுழைந்த வாசல் உடைந்தது, இனி அந்த வரத்து எனக்கு, அவள் பாழானாள், நான் நிரம்புவேன் என்பது அந்த மகிழ்ச்சியின் பொருள். தீரு எருசலேமின் மேல் படையெடுக்கவில்லை. ஒரு கல்லையும் எறியவில்லை. அண்டை நகரத்தின் அழிவைச் சந்தை வாய்ப்பாகக் கண்டது. தீர்க்கதரிசியின் சினம் அங்கே மூண்டது.

இது இன்றைய பொருளாதாரத்தின் அன்றாடம். 2023 இறுதியில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. சரக்குக் கட்டணங்கள் ஏறின. கட்டணம் ஏறியவர்களின் இலாபமும் ஏறியது. இழப்பு எகிப்தின் சூயஸ் கால்வாய் வருவாயில் விழுந்தது. போர் நடக்கும்போது எந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாம் என்று ஆலோசனை சொல்லும் நிகழ்ச்சிகளை நாம் இரவு உணவோடு பார்க்கிறோம். வகுப்பறையில் நானே பல ஆண்டுகள், ஒரு சந்தையின் நெருக்கடி இன்னொரு சந்தையின் வாய்ப்பு என்று கற்பித்திருக்கிறேன். கணக்கில் அது சரியே. அந்தக் கணக்கைப் போடும்போது எழும் மகிழ்ச்சியைத்தான் இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் குற்றம் என்று எழுதிவைத்தார்.

இப்போது, என் கைப்பேசிக்கு வந்த படத்தை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நகரம் பாழாவதைக் கண்டு உள்ளூர மகிழ்வது தீருவின் குற்றம். தீருவின் அழிவைப் பார்த்து அப்படி மகிழ்பவர், எசேக்கியேலைத் தாம் ஏற்பதாக எண்ணிக்கொண்டு, அவர் கண்டித்த நகரத்தின் இடத்தில் போய் நிற்கிறார்.

வராத கூலி

நிறைவேறியது என்று சொல்பவர்கள் அதே நூலின் 29-ஆம் அதிகாரத்தையும் படிக்க வேண்டும். நேபுகாத்நேச்சார் தீருவை முற்றுகையிட்டான். யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் தரும் கணக்கின்படி அது 13 ஆண்டுகள் நீண்டது. தீரு அடங்கியது, ஆனால், சொல்லப்பட்ட அளவில் அழியவில்லை, கொள்ளையும் கிடைக்கவில்லை. 29-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி அதை மறைக்காமல் சொல்கிறது. தலை மொட்டையாகவும் தோள் உரியவும் படைவீரர் உழைத்தும் அரசனுக்கும் படைக்கும் தீருவில் கூலி கிடைக்கவில்லை. அதற்கு ஈடாக எகிப்தைத் தருவதாகத் தீர்க்கதரிசி எழுதுகிறார். நேபுகாத்நேச்சார் பற்றிய தம் முன்மொழி அப்படியே நடக்கவில்லை என்பதைத் தம் நூலுக்குள்ளேயே வைத்துச் சென்ற நேர்மை அது. அந்த நேர்மை அவருடைய பெயரால் படம் அனுப்புகிறவர்களுக்கும் வேண்டும்.

தீருவை உடைத்தவன் பிற்காலத்தில் வந்த அலெக்சாந்தர். கி.மு. 332-ல் ஏழு மாத முற்றுகை. கரையிலிருந்து தீவு வரை கடலைத் தூர்த்துப் பாதை போட்டான். அந்தப் பாதையின் இருபுறமும் மணல் ஒதுங்கி, தீவு இன்று தீபகற்பமாகிவிட்டது. வீழ்ந்த நகரில் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாக அர்ரியன் எழுதுகிறார். மனிதரைச் சரக்காக எழுதிய நகரத்தின் மக்களே சரக்கானார்கள். அதன் பின்னும் நகரம் எழுந்தது. உரோமர் காலத்தில் குதிரைப் பந்தய அரங்கும் தூண் வரிசையும் அமைந்தன. 1984-ல் உலக மரபுச் சின்னமானது. குண்டுவீச்சுக்குப் பின், 2024 நவம்பர் 18 அன்று, யுனெஸ்கோ லெபனானின் 34 இடங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளித்தபோது தீருவும் அதில் இருந்தது. அங்கே இன்றும் ஒரு மீனவத் துறை உண்டு. வலைகளும் உண்டு.

பேரழிவைத் தீர்ப்பாகப் படிக்கும் பழக்கம் நம்மிடமும் பழையது. இந்திர விழாவை மன்னன் மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. காப்பியத்துக்கு அது பொருந்தும். 2004 டிசம்பர் 26-க்குப் பின் இந்தக் கரையில் நடந்தவர்களுக்குப் பொருந்தாது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி, அக்கம்பேட்டை என்று ஒவ்வோர் ஊராகச் சென்றோம். யாருடைய பாவம் இது என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். எல்லா மதத்திலும் இருந்தார்கள். கிழிந்த வலையில் சிக்கிக் கிடந்தவை பெரும்பாலும் குழந்தைகளின் துணிகள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அந்த மணலில் எவருக்கும் இல்லை என்பதை அன்று உணர்ந்தேன். தீருவின் மேல் குண்டு விழும்போதும் எவருக்கும் இல்லை.

வருவாய் யாருக்கு?

அப்படியானால் எபிரேய வேதத்தில் தீருவின் பொருள் என்ன? வணிகத்தின் மேல் வெறுப்பு என்று சொல்ல முடியாது. ஏசாயா 23-ஆம் அதிகாரம் தீரு மீண்டும் தன் வணிகத்துக்குத் திரும்பும் என்றே சொல்கிறது. அதன் வருவாய் இனிக் குவித்து வைக்கப்படாது. கர்த்தரின் முன் வாழ்பவர்கள் வயிறார உண்ணவும் நல்ல உடை உடுக்கவும் பயன்படும் என்கிறது. 87-ஆம் சங்கீதமோ, சீயோனில் பிறந்தவர்களாக எண்ணப்படும் மக்களோடு தீருவையும் சேர்க்கிறது. தீர்க்கதரிசிகள் அந்தத் துறைமுகத்தை மூடச் சொல்லவில்லை. அதன் கணக்கைத் தணிக்கை செய்தார்கள். என்ன சரக்கு, எந்த விலை என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. யாரை விற்று வந்தது, யார் வயிற்றுக்குப் போகிறது என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விகளை நம் கரையில் கேட்க வேண்டிய காலம் இது. காரைக்காலின் தென்கோடியில் 2009-ல் இயங்கத் தொடங்கிய துறைமுகம், 2023-ல் திவால் நடைமுறையின் வழியே ரூ.1,485 கோடிக்குக் கைமாறியது. அதன் முதன்மைச் சரக்குகளில் ஒன்று நிலக்கரி. அந்தத் தூசு குறித்து நாகூர்ப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெல்டாவின் கடைமடையில் வேலை தேடும் இளைஞர்களை அறிந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். சரக்கு டன்னிலும் வருவாய் கோடியிலும் எழுதப்படும் ஏட்டில், தூசு எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்றுதான் கேட்கிறேன்.

வலைக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் கடலோர மேலாண்மை வரைபடங்களில் குறிக்கச் சொன்னது. வலை பழுதுபார்க்கும் களம் மீனவருக்கு வேண்டிய வசதிகளில் ஒன்றென ஏற்றுக்கொண்டது. தமிழகத்தில் வெளியான வரைவு வரைபடங்களில் இவை பல இடங்களில் விடுபட்டன என்று மீனவ அமைப்புகள் குரல் எழுப்பின. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. குறைந்த அந்த 150 மீட்டரில்தான் வலையும் படகும் கருவாடும் ஏலமும் காலங்காலமாக இருந்து வருகின்றன. அதற்கு யார் பெயரிலும் பட்டா இருப்பதில்லை. எல்லாருடைய நினைவிலும் இருப்பது; எந்த வரைபடத்திலும் இல்லாமல் போகக்கூடியது.

கரையில் ஒரு விடுதியோ சரக்குக் கிடங்கோ எழும்போது, திட்ட அறிக்கை அந்த நிலத்தைப் பயனற்ற மணல் என்று எழுதும். எசேக்கியேலின் காலத்து வணிகனின் கண்ணிலும் வலை உலரும் பாறை பயனற்ற இடமாகத்தான் தெரிந்திருக்கும். தன் சாயத்தின் விலையை அறிந்த நகரம் தீரு. 1909-ல் ஒரு வேதியியலாளர் 12,000 கடல் நத்தைகளிலிருந்து 1.4 கிராம் ஊதாச் சாயம்தான் எடுக்க முடிந்தது. அத்தனை அரிய சாயத்தை அரசர்களுக்கு விற்ற நகரத்துக்கு, வலை உலர்த்தும் பாறையாவதை விடப் பெரிய அவமானம் வேறென்ன? என் பழைய நெருடலுக்கு இங்கே விடை கிடைத்தது. சாபம் வலையில் இல்லை. கணக்கேட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு அது சாபமாகத் தெரிந்தது, அவ்வளவே. கப்பல்கள் போனபின்னும் அந்தப் பாறையில் யாரோ வாழ்ந்து, மீன் பிடித்து, வலையை உலர்த்துகிறார்கள் என்பதை அந்த உருவகமே ஒப்புக்கொள்கிறது. அவர்கள் ஏட்டில் முன்பும் இல்லை. அதனால் அழிவிலும் அவர்கள் பெயர் இல்லை.

பருத்தி நூல் வலைகள் இருந்த காலத்தில் அவற்றை நாள்தோறும் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். இன்று நைலான் வலைகள். ஆனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கரைக்கு வந்து பாருங்கள். வேப்பமரத்தடியிலும் படகுகளின் நிழலிலும் வலைகளை விரித்து, கிழிந்த கண்களைக் கூட்டிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். 61 நாள் வருமானம் இல்லாத அந்தப் பருவத்தில், அடுத்த பருவத்துக்கான நம்பிக்கை அந்த மணலில்தான் முடிச்சுப் போடப்படுகிறது.

கைப்பேசிக்குப் படம் அனுப்பிய நண்பருக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவுதான் எழுதியிருப்பேன். ஐயா, அந்த அதிகாரத்தை முழுவதும் படியுங்கள். படித்துவிட்டு ஒரு நாள் மாலையில் திருவேட்டக்குடிக் கடற்கரைக்கு வாருங்கள். இந்தக் கரையின் வரைபடத்தில் அந்த வலைகள் கிடக்கும் மணல் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று சேர்ந்தே போய் விசாரிப்போம்.